அப்பாவின் வாட்ச்சில் அழிந்துபோன எண்கள்: எதை நிரப்பலாம், எதைத் தொடக்கூடாது?

நாற்பதுகளில் இருக்கும் ஒரு வாசகியின் கடிதம் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை நீக்கியிருக்கிறேன். கப்பலில் இன்ஜினியராக வேலை பார்த்த அவருடைய அப்பா 1996-இல் வாங்கிய ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 2 கைக்கடிகாரம், அப்பாவின் மறைவுக்குப் பிறகு இவர் கைக்கு வந்திருக்கிறது. வெள்ளை டயல், மாடல் எண் 16570. நன்றாக ஓடுகிறது. ஆனால் கண்ணாடியைச் சுற்றியுள்ள எஃகு வளையத்தில், அதாவது பெசலில், செதுக்கியிருக்கும் 24 மணி எண்களில் 14, 16, 18 மூன்றிலும் கறுப்பு உதிர்ந்து வெறும் பள்ளம்தான் தெரிகிறது. செயின் மாட்டும் கொம்புகளில் கீறல்கள். ஒன்பது மணிப் பக்கம் கேஸில், அதாவது வாட்ச்சின் உலோக உடலில், ஒரு நசுங்கல். கொக்கி முழுக்கச் சிராய்ப்பு. டயலின் ஒளிப்புள்ளிகள் மஞ்சளடித்துவிட்டன. செயின் தொளதொளவென்று தொங்குகிறது.

மூன்று வாரத்தில் மகனுக்குப் பட்டமளிப்பு விழா. அன்று இதை அவன் கையில் கட்டிவிட வேண்டும், அதுவும் ‘புதுசு மாதிரி’ ஆக்கிக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு கடையில் காட்டியபோது, “ஒரிஜினல் என்றால் வண்ணம் போகாதே” என்று சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, அடுத்த மூச்சிலேயே “டயலை மாற்றி, கேஸை பஃபிங் போட்டுத் தருகிறோம்” (துணிச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவது) என்றிருக்கிறார்கள். தம்பியோ, “ஒரு கீறலைக்கூடத் தொடாதே, தொட்டால் மதிப்பு போச்சு” என்கிறார். இவர் தன் பங்குக்கு ஒரு பெர்மனென்ட் மார்க்கர் வாங்கி வைத்துக்கொண்டு, எண்களில் தடவலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மார்க்கரை எடுத்து, குழந்தைகளின் பள்ளிப் பை எதற்குள்ளாவது போட்டுவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முப்பது வருடத்துக்கு மேல் கடிகாரம் திறந்து மூடும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடிதம் போன்றவை எனக்குப் புதிதல்ல. வாட்ச்சைக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லாச் சேதத்தையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள்: பழசாகிவிட்டது, புதுசாக்க வேண்டும். நான் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் வாட்ச்சில் போயிருப்பவை மூன்று: வண்ணம், உலோகம், ஒளி. எண்களிலிருந்து உதிர்ந்தது வண்ணம். அதைத் திரும்ப வைக்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்தும் விடலாம். கொம்பிலும் கேஸிலும் போனது உலோகம். பாலிஷ் போட்டால் அது திரும்பி வராது, இன்னும் கொஞ்சம் போகும். டயலில் மங்கியது ஒளி. அது அணைந்து முடிந்த கதை. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் பார்க்கிறார் கடைக்காரர். மூன்றுக்கும் மருந்தே வேண்டாம் என்கிறார் உங்கள் தம்பி. இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை.

வண்ணம் போனால் போலியா?

இல்லை. இந்தச் சந்தேகத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

இந்த மாடலின் பெசல் தனி எஃகு வளையம். அதில் எண்களைப் பள்ளமாகச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு வண்ணம் நிரப்பியிருக்கிறார்கள். வண்ணம் எஃகோடு எஃகாகக் கலந்துவிடுவதில்லை, பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வியர்வை, சோப்பு, வாசனைத் திரவியம், உராய்வு எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் தின்றால் எந்த ஒரிஜினலிலும் உதிரும்.

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “டியூட்டி முடிந்து வந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் வாட்ச்சைத் துடைப்பது அப்பா வழக்கம்.” நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதில்தான் இருந்தது. இயந்திர அறையின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மண்ணெண்ணெய் நல்லதுதான். ஆனால் பெயின்ட்டை அது மெல்ல மெல்ல இளக்கும். சரி, அப்படியானால் எல்லா எண்ணும் அல்லவா போயிருக்க வேண்டும்? 14, 16, 18 மட்டும் ஏன்? இந்தப் பெசலில் 24 மணிக்கான இடம் மேலே இருக்கிறது. அந்தக் கணக்கில் 14 என்பது டயலின் ஏழு மணிக்கு நேர், 18 என்பது ஒன்பது மணிக்கு நேர். இடது கையில் கட்டினால் முழங்கையைப் பார்த்து இருப்பது அந்தப் பக்கம்தான். முழுக்கைச் சீருடையின் கனத்த விளிம்பு நாள் முழுக்க உரசுவதும் அங்கேதான். மண்ணெண்ணெயில் இளகிய வண்ணத்தைச் சட்டைக் கை துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. நசுங்கலும் அதே ஒன்பது மணிப் பக்கம் என்கிறீர்கள். எங்கோ ஒரு குழாயிலோ இரும்புக் கதவிலோ இடித்திருக்கலாம்.

உண்மைத்தன்மையை உறுதிசெய்ய வேறு வழிகள் உண்டு. செயினைக் கழற்றினால், 12 மணிப் பக்கக் கொம்புகளுக்கு நடுவே மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் செதுக்கியிருக்கும். பின்மூடியைத் திறந்தால் 3185 என்ற இயந்திரம் இருக்க வேண்டும். அப்பா வைத்திருந்த ரசீதோ உத்தரவாதக் காகிதமோ பீரோவில் கிடைத்தால் பொன்போலப் பாதுகாத்து வையுங்கள். பின்மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் நீங்களே முயலாதீர்கள்.

மார்க்கர், நெயில் பாலிஷ், பற்பசை

மார்க்கர் மை காய்ந்து பள்ளத்தில் நிற்காது, மெல்லிய பூச்சாகத்தான் ஒட்டும். வியர்வை பட்டால் ஒழுகும், நாளாவட்டத்தில் கறுப்பு ஊதாவாக மாறும். பக்கத்து எண்களின் அசல் கறுப்போடு ஒருநாளும் சேராது. நெயில் பாலிஷ் அதைவிடக் கொஞ்சம் மேல் என்பார்கள். அது காய்ந்ததும் சுருங்கும், கண்ணாடிபோலப் பளபளக்கும், பிறகு சில்லுச் சில்லாகப் பெயரும். அதை எடுக்க அசிட்டோன் தேட வேண்டிவரும். அசிட்டோன் பெசலுக்கடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு வளையம்வரை கசிந்தால் சிக்கல் வேறு இடத்துக்குப் போய்விடும்.

பற்பசை வைத்தியத்தையும் கேட்டிருக்கிறீர்கள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடி வாட்ச்களில் மெல்லிய கீறலுக்கு அது ஓரளவு வேலை செய்யும். உங்களுடையது நீலக்கல் கண்ணாடி, கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசை. பற்பசை அதைச் சீண்டக்கூட முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எஃகில் பட்டால், கோடுகோடாகத் தேய்த்துவிட்ட மங்கலான பரப்பின் நடுவே ஒரு பளபளப்புத் திட்டு விழும். அதைச் சரிசெய்ய என்னைப் போன்ற ஒருவர் அரைநாள் உட்கார வேண்டும்.

எண்களை நிரப்பும் வேலை

உங்கள் பட்டியலில் அழகுக்காக நான் செய்யச் சொல்லும் வேலை இது ஒன்றுதான். நல்ல கைவேலைக்காரர் யாரிடமாவது கொடுத்தால் நிம்மதி. நீங்களே செய்வதானாலும் தடுக்க மாட்டேன், ஏனென்றால் சொதப்பினாலும் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். இன்னொரு காரணமும் சொல்கிறேன். பெரும்பாலான கடைகளில் இதைக் கேட்டால் “பெசலையே மாற்றிவிடலாம்” என்பார்கள். மூன்று எண்ணுக்காக அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வளையத்தை ஏன் மாற்ற வேண்டும்?

வாட்ச்சின் பக்கவாட்டிலுள்ள சாவியைத் திருகி இறுக்கமாக மூடுங்கள். செயினைக் கழற்றிவிடுங்கள். இந்த மாடலில் கொம்புகளின் வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும், அவற்றின் வழியாகப் பின்னைத் தள்ளினால் கீறல் விழாமல் கழன்றுவரும். பெசலைக் கழற்றவே கூடாது. நிலையான பெசல் உள்ள பல மாடல்களில், கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு வளையத்தை அழுத்திப் பிடித்திருப்பது பெசல்தான். அதை நெம்பினால் தண்ணீர்த் தடுப்பு போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேலும், பெசலும் கண்ணாடியும் சேரும் கோட்டின் மேலும் ஒட்டுத் தடம் விடாத மெல்லிய டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் மிச்சமிருக்கும் பொடியையும் அழுக்கையும் மரப் பல்குச்சியின் நுனியை நனைத்து எடுங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும். ஊசி கூடாது. ஊசி பள்ளத்தின் ஓரத்தைக் கீறிவிடும், பிறகு எண்ணின் விளிம்பு கிழிந்தாற்போலத் தெரியும். வாட்ச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள். அது 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருப்பதெல்லாம் அடைப்பு வளையங்கள் புதிதாக இருந்தபோது சொன்ன வார்த்தை. கடைசி அடைப்பை எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

பொம்மை விமானம், ரயில் செய்பவர்கள் வாங்கும் எனாமல் பெயின்ட்டில், அதிகப் பளபளப்பு இல்லாத கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய தூரிகையின் நுனியாலோ பல்குச்சியாலோ ஒரு துளியைப் பள்ளத்தில் தொட்டு வையுங்கள், தானாக ஓடிப் பரவும். மேலே கொஞ்சம் வழிந்தால் பரவாயில்லை. ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகுதான் வழிந்ததைத் துடைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மெத்தென்ற துணியால் துடைத்தால், துணி பள்ளத்துக்குள் இறங்கி நிரப்பியதையும் வாரிக்கொண்டு வந்துவிடும். ஒரு விசிட்டிங் கார்டின் விளிம்பில் மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்றாக இறுக்கிச் சுற்றி, எனாமலுக்கான தின்னரில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் நனைத்து, எண்ணின் கோட்டுக்குக் குறுக்காக ஒரே இழுப்பு. துணியை நகர்த்தி, சுத்தமான இடத்தால் அடுத்த இழுப்பு. அவசரப்பட்டு வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

காய்ந்ததும் பெயின்ட் கொஞ்சம் கீழிறங்கும். இரண்டாவது தடவை நிரப்பினால் விளிம்போடு வந்து நிற்கும். பிறகு நாலைந்து நாள் சும்மா இருக்கட்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் காட்டாதீர்கள். உள்ளே எண்ணெயும் ரப்பரும் இருக்கின்றன.

பழைய எண்களின் கறுப்பையும் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே சீராக நிரப்பலாமா என்று கேட்பீர்கள். தேவையில்லை என்பேன். பிடித்துக்கொண்டிருக்கும் அசல் வண்ணத்தை எதற்கு எழுப்புவது? புதுக் கறுப்பு ஆரம்பத்தில் சற்றுத் தூக்கலாகத் தெரியும். ஆறு மாதம் கட்டினால் அடங்கிவிடும். முதல் முயற்சியை வாட்ச்சில் செய்யாமல், எண் பொறித்த ஏதாவது ஒரு பழைய ஸ்பூனிலோ பூட்டிலோ செய்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வைத்தியம் எஃகில் செதுக்கிய பெசலுக்கு மட்டும். வண்ணமேற்றிய அலுமினிய வளையம் வைத்த வாட்ச்களில் நிறம் உலோகத்தின் மேல்தோலிலேயே ஏறியிருக்கும், வெயிலில் வெளுத்தால் பெயின்ட் அடித்து மீட்க முடியாது. அப்படி வெளுத்த வளையத்துக்கென்றே அலைகிற சேகரிப்பாளர்கள் உண்டு என்பது வேறு விஷயம். ரோலக்ஸின் செராமிக் பெசல் என்றால் எண்களில் இருப்பது பெயின்ட்டே அல்ல, தங்கமோ பிளாட்டினமோ மெல்லிய படலமாகப் படியவைத்தது. அதில் வீட்டு வேலை எதுவும் செல்லாது. கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னர், ஸ்பிரிட் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விரிசல் கோடுகள் ஓடும்.)

பஃபிங் போட்டால் என்ன ஆகும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு பெரியவர் தன் வாட்ச்சைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். சுத்தம் செய்ததோடு நிற்காமல், அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று பஃபிங் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடிபோல ஆக்கிவைத்தேன். வந்து வாங்கிப் பார்த்தார். கொம்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போனவர் மறுபடி வரவேயில்லை. அவர் விரல் தேடியது எது என்று எனக்குப் புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

கீறல் என்பது பரப்பில் விழுந்த ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள உலோகத்தைப் பள்ளத்தின் அடிவரை தேய்த்துக் கீழே இறக்குகிறது. துணிச் சக்கரம் வளைந்துகொடுப்பதால் முதலில் தின்பது ஓரங்களைத்தான். உங்கள் வாட்ச்சில் கொம்பின் மேற்பரப்பு நேர்க்கோடுகளாகத் தேய்த்த மங்கல் பரப்பு, பக்கவாட்டு பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்திபோல ஒரு விளிம்பு இருக்கிறது. வாட்ச்சுக்கு முகவெட்டு கொடுப்பதே அந்த விளிம்புதான். பஃபிங் போட்டால் அது சோப்புக்கட்டி ஓரம்போல உருண்டுவிடும். எஃகு பளபளக்கும், வாட்ச் கொழகொழவென்று இருக்கும்.

உங்கள் வாட்ச்சை இதற்கு முன் யாராவது பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். கொம்பின் வெளிப்பக்கத் துளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கை படவில்லை. கிண்ணம்போலக் குழிந்து உருண்டிருந்தால் ஏற்கனவே சக்கரத்தைப் பார்த்த வாட்ச். நான்கு கொம்புகளும் ஒரே பருமனா என்பதையும் மேலிருந்து பாருங்கள். கூர்மையாக இருந்தால், தயவுசெய்து யாரையும் தொட விடாதீர்கள். அந்த வயது வாட்ச்சில் அது எளிதில் கிடைக்காத நிலை.

அந்த நசுங்கல்? லேசர் வெல்டிங்கில் அதே எஃகை உருக்கிப் பள்ளத்தில் வைத்து, தட்டையான தகட்டில் பிடித்து மட்டம் செய்து, பழைய கோடுகளை மறுபடி போடும் நிபுணர்கள் இருக்கிறார்கள். உலோகத்தை உண்மையிலேயே திரும்பத் தரும் வழி அது ஒன்றுதான். செலவு பிடிக்கும், வேலைக்காரரைப் பொறுத்து விளைவும் மாறும். கேஸ் ஓட்டையாகும் அளவு அரித்திருந்தால் போகலாம். ஒரு நசுங்கலுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த அடி எப்படி விழுந்தது என்று உங்கள் அம்மாவுக்கோ தம்பிக்கோ தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கொக்கியில் இந்த அளவு கெடுபிடி வேண்டாம். மேசையில் உரசி உரசித் தேய்வதற்கென்றே பிறந்த பாகம் அது, தனியாக மாற்றவும் முடியும். கோட்டின் திசையிலேயே லேசாகத் தேய்த்துப் பரப்பைப் புதுப்பிக்கச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். செயின் தொங்குவது அழகுப் பிரச்சினை அல்ல. கண்ணிகளுக்குள் இருக்கும் பின்களும் துளைகளும் தேய்ந்திருக்கின்றன. எத்தனை பாலிஷ் போட்டாலும் தொங்கும். பின்களை மாற்றி இறுக்கித் தருபவரிடம் இதைக் கொடுத்தால், மகன் கையில் கட்டும்போது உடனே வித்தியாசம் தெரியும். ‘புதுசு மாதிரி’ என்று நீங்கள் ஆசைப்படுவதில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

டயல் இருக்கும்படியே இருக்கட்டும்

கடைக்காரர் சொன்னதிலேயே எனக்குக் கோபம் வந்த இடம் இது. டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே மிகச் சிறிய எழுத்துகளில் ‘ஸ்விஸ் - டி < 25’ என்று இருக்கிறதா பாருங்கள். 1996-இல் வாங்கியது என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ‘டி’ என்பது டிரிடியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். 1998 வாக்கில் ரோலக்ஸ் அதைக் கைவிட்டு, வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும் வேறு பூச்சுக்கு மாறியது. டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். முப்பது ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும், அதோடு ஒளிரும் பொடியும் களைத்துப்போயிருக்கும். அதனால் இருட்டில் தெரியவில்லை, நிறம் மஞ்சளடித்திருக்கிறது. இது கோளாறு அல்ல. அந்த வயதின் அடையாளம் அது, ஒரிஜினல் டயல் என்பதற்கு ஒரு சாட்சியும்கூட.

பயப்பட வேண்டுமா? வேண்டாம். டிரிடியத்தின் கதிர் வாட்ச் கண்ணாடியைத் தாண்டாது. 1960-களுக்கு முந்தைய வாட்ச்களில் இருந்த ரேடியம் வேறு ரகம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், பொடி உதிர்ந்தால் மூச்சில் போகும், அவற்றை வீட்டில் திறக்கவே கூடாது. உங்களுடையது அந்தக் காலத்தது அல்ல.

டயலை மாற்றினால், முள்ளையும் நிறம் சேர்வதற்காக மாற்றுவார்கள். கழற்றிய பழைய டயல் எங்கே போகும் என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டீர்களா? பழைய டயல்களைத் தேடி வாங்க ஆள் உண்டு என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று தெரியுமா, இதே எக்ஸ்ப்ளோரர் 2 வரிசையில் உங்கள் மாடலுக்கு முந்தையது 16550. அதன் வெள்ளை டயல்கள் சில, பெயின்ட் குறையால் பாலேடு நிறத்துக்கு மாறிப்போயின. கெட்டுப்போன அந்த டயல்களைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள்.

தம்பி சொல்வதில் எவ்வளவு நியாயம்?

பாதி. உலோகத்தையும் டயலையும் தொடாதே என்பது சரி. எண்ணில் வண்ணம் நிரப்பினால் மதிப்பு போகும் என்பது மிகை. பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய வேலை அது. பின்னால் என்றாவது விற்றால், இந்த மூன்று எண்களும் மறுபடி நிரப்பியவை என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அது பராமரிப்பு, மறைத்தால் ஏமாற்று.

ஏல விலைகளைக் காட்டி அவர் உங்களை மிரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் அந்த விலையைப் பெரிதும் ஏற்றிவிட்டது, அது யார் கையில் இருந்தது என்பது. அதன் பின்மூடியில் ‘கவனமாக ஓட்டு’ என்று அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் அப்படியே இருந்தது. யாராவது அதைச் ‘சுத்தமாக்கி’ பாலிஷ் போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? உங்கள் மாடலை 1989 முதல் 2011 வரை செய்துகொண்டே இருந்தார்கள். நல்ல வாட்ச், நல்ல மதிப்பு, ஆனால் ஏலத்தில் உலகத்தைப் புரட்டிப்போடும் ரகம் அல்ல. நீங்கள் விற்கப்போவதில்லை என்றால் தம்பியின் கணக்கே வேறு ஊர்க் கணக்கு.

ஆனால் ஒன்று. அப்பாவின் பொருள் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. அவர் உங்களுக்கென்று கொடுத்தாரா, அல்லது பங்கு பிரிக்கும் முன் உங்களிடம் இருக்கிறதா? இரண்டாவதானால் தம்பிக்கும் அதில் பேச உரிமை உண்டு. மகனுக்குக் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் வெளிப்படையாகப் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மதிப்பு, மதிப்பு என்று அவர் சொல்வதற்குள் வேறு ஏதோ ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கீறலைத் தொடாதே என்கிறவர் எல்லோரும் காசை நினைத்துச் சொல்வதில்லை.

சர்வீஸுக்குக் கொடுப்பதானால்

உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், அடைப்புகள் தளர்ந்திருக்கும். அதனால் இயந்திர சர்வீஸ் கட்டாயம் தேவை, அழகு வேலையைவிட அதுதான் அவசரம். கம்பெனி சர்வீஸ் மையத்தில் கொடுத்தால் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் முழு சர்வீஸ் என்றால் கேஸையும் செயினையும் பாலிஷ் போடுவதும் அதில் அடக்கம். மங்கிய டயல், முள்ளை மாற்றச் சொல்வார்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தராத வழக்கமும் உண்டு. இதெல்லாம் மோசடி அல்ல, புதுசுபோலத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் கொள்கை. உங்கள் விருப்பம் வேறு என்றால், வாட்ச்சைக் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்க வேண்டும்.

‘கேஸ், பெசல், செயின் எதையும் பாலிஷ் செய்யக் கூடாது. டயல், முள் மாற்றக் கூடாது. மாற்றும் எந்தப் பாகத்தையும் என்னிடமே திருப்பித் தர வேண்டும். மதிப்பீட்டை நான் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்க வேண்டும்.’ இந்த நான்கு வரிகள் ரசீதில் இருக்கட்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி வாட்ச்சைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அனுபவமுள்ள தனி வேலைக்காரரைத் தேடலாம். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து, வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். வாங்கும்போது தண்ணீர்த் தடுப்புச் சோதனை செய்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சோதனை முடியும்வரை மழையில்கூட நனைக்க வேண்டாம்.

மூன்று வாரத்துக்குள் இயந்திர சர்வீஸ் முடிவது சந்தேகம், அதை நம்பி இருக்காதீர்கள். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது மூன்று எண்களை நிரப்பி, செயினை இறுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலே துடைத்து, விழாவன்று கட்டிவிடுங்கள். சர்வீஸ் அதற்குப் பிறகு.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். வாட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று மகனிடம் கேட்டீர்களா? ஒரு நாளுக்கு ஒரே சுற்று சுற்றும் அந்தச் சிவப்பு முள் எதற்கு என்றாவது அவனுக்குத் தெரியுமா? கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் வீட்டில் மணி என்ன என்று தாத்தா பார்த்தது அந்த முள்ளிலும், நீங்கள் இப்போது நிரப்பப்போகும் அந்த எண்களிலும்தான். பிற்பகல் இரண்டிலிருந்து மாலை ஆறுவரை. நீங்களும் தம்பியும் பள்ளிவிட்டு வீட்டுக்கு வரும் நேரம். பெயின்ட் வைக்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 18-ஐ அவன் நிரப்பட்டும். வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

டயல் அடியிலுள்ள எழுத்தையும், கொம்புத் துளைகளையும் அருகில் படம் எடுத்து அனுப்புங்கள். வரிசை எண் தெரியாமல் மறைத்துவிடுங்கள். துளை விளிம்பைப் பார்த்துவிட்டு, செயின் வேலைக்கு எந்த மாதிரி ஆளைத் தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.